சோம்பலா, மனச்சோர்வா? 22 வயதுத் தம்பியைப் பற்றி ஓர் அக்கா கேட்டதற்கு

கேட்டிருப்பவர் ஓர் அக்கா. தம்பிக்கு 22 வயது. நான்கு மாதமாக மதியம் வரை படுக்கையிலேயே கிடக்கிறார், படிப்பில் பிடிப்பு இல்லை, யார் எது கேட்டாலும் எரிந்து விழுகிறார். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது. "இது சோம்பலா, டிப்ரஷனா? மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டுமா? டாக்டரிடம் வரவே மாட்டேன் என்கிறான், என்ன சொல்லிக் கூட்டிப்போவது?" என்று கேட்டிருக்கிறார். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாமா, இல்லை நாளானால் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடலாமா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரிதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதம் பொறுத்துப் பார்த்தது போதும்.

நான் மனநல மருத்துவர். 20 வருடத்துக்கும் மேலாக, பெரும்பாலும் 18க்கும் 25க்கும் இடைப்பட்ட வயதுக்காரர்களைத்தான் பார்த்துவருகிறேன். ஆனாலும் தம்பியை எதிரில் உட்காரவைத்துப் பேசாமல் அவருக்கு இன்ன நோய் என்று சொல்வது தவறு, அதை நான் செய்யப்போவதில்லை. எதைக் கவனிக்க வேண்டும், டாக்டரிடம் போனால் என்ன நடக்கும், எது உறுதியாகத் தெரிந்தது, எதில் இன்னும் குழப்பம் இருக்கிறது என்பதைச் சொல்ல முடியும். அதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். பரீட்சைப் பதற்றத்துக்கும் 'மன அழுத்தம்' என்கிறோம், இந்த நோய்க்கும் அதையே சொல்கிறோம். பரீட்சை முடிந்ததும் விலகிவிடுகிற நெருக்கடி வேறு. நான் பேசப்போவது டிப்ரஷனைப் பற்றி. அதை மனச்சோர்வு என்றே எழுதுகிறேன்.

சோம்பலா நோயா என்று பார்க்க, அவரை அவரோடேயே ஒப்பிடுங்கள். அதே வயதுப் பையன்கள் எப்படி இருக்கிறார்கள், நீங்கள் அந்த வயதில் எப்படி இருந்தீர்கள் என்பதெல்லாம் இங்கே உதவாது. ஒரு வருடத்துக்கு முன்னால் அவர் எத்தனை மணிக்கு எழுந்தார்? நண்பர்கள் கூப்பிட்டால் போனாரா? எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்? சின்ன வயதிலிருந்தே மெத்தனமாக இருந்தவர் இப்போதும் அப்படி இருந்தால் அது சுபாவம். துறுதுறுவென்று இருந்தவர் ஒரு கட்டத்திலிருந்து ஒடுங்கிப்போயிருந்தால் ஏதோ நடந்திருக்கிறது. சோம்பல்காரர் வேலையைத்தான் தள்ளிப்போடுவார், பிடித்த விளையாட்டைத் தள்ளிப்போடமாட்டார். மனச்சோர்வில் பிடித்ததும் சேர்ந்தே போய்விடும். கையில் போன் இருக்கும், விரல் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஆனால் எதையும் ரசிக்கமாட்டார்.

என்னிடம் வந்த ஒரு மாணவி, நான் கேட்காமலேயே ஒன்று சொன்னார். காலையில் பல் தேய்க்கப் பிரஷ்ஷை எடுக்கிறார், பேஸ்ட் வைக்கிறார், கட்டில் ஓரத்தில் உட்கார்கிறார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பிரஷ் கையிலேயே இருக்கிறது, பேஸ்ட் காய்ந்திருக்கிறது. "எழுந்து நாலு அடி நடக்கணும், அவ்வளவுதான் டாக்டர். அது ஏன் முடியலைன்னு எனக்கே புரியல" என்றார். வீட்டில் அவருக்கு வைத்திருந்த பெயர் சோம்பேறி. அந்த அரை மணி நேரமும் அவர் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. தன்னால் முடியவில்லையே என்ற அந்த ஓயாத வாதையைச் சோம்பல்காரர்களிடம் நான் பார்த்ததில்லை.

இந்த ஒப்பீட்டுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இளவயதுக்காரர்களில் சிலர் நண்பர்கள் வந்தால் சிரிப்பார்கள், நல்ல சேதி கேட்டால் முகம் மலரும். அவர்கள் போனதும் மறுபடியும் படுத்துவிடுவார்கள். இப்படிப்பட்டவர்களுக்குத் தூக்கமும் பசியும் குறைவதற்குப் பதிலாக அதிகமாகும், கை கால் ஈயம் கட்டிவிட்டது போல கனக்கும், யாராவது லேசாக ஒதுக்கினாலும் தாங்கமாட்டார்கள். இதுவும் மனச்சோர்வில் ஒரு வகைதான். அதனால் "நேத்து நல்லாத்தானே சிரிச்சுப் பேசினான், இன்னைக்கு என்ன நடிப்பு?" என்று தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள்.

டாக்டர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்றால், ஒன்பது அறிகுறிகளைக் கேட்கிறோம். மனம் சோர்ந்திருப்பது, எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமல் போவது, தூக்கம் கூடுவது அல்லது குறைவது, பசியிலோ எடையிலோ மாற்றம், களைப்பு, பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, கவனம் நிற்காமல் போவது, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் அல்லது காரணமில்லாத குற்ற உணர்வு, சாவைப் பற்றிய நினைப்பு. இதில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், அந்த ஐந்தில் முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், கிட்டத்தட்ட தினமும் இரண்டு வாரமாவது நீடித்திருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையைப் பாதித்திருக்க வேண்டும். எரிச்சல் பெரியவர்களுக்கான இந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் இந்த வயதில், குறிப்பாகப் பையன்களிடம், முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அதுதான். "வருத்தமா இருக்கு" என்று சொல்ல வாய் வராது. கதவைச் சாத்துகிற சத்தத்தில்தான் வெளியே வரும்.

பி.எச்.க்யூ-9 என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. இதே ஒன்பதையும் கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தரும். மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் ஒருவர் நேரில் பார்த்தாக வேண்டும் என்று பொருள். தம்பி அதை நிரப்பச் சம்மதித்தால் நல்லது. ஆனால் அது சந்தேகத்தை எழுப்புவதற்கான கருவிதான், அதில் வரும் எண்ணை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. தைராய்டு குறைவாகச் சுரக்கிற ஒருவரும் அதில் 14 எடுக்கலாம்.

ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மனச்சோர்வைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. இதே போலத் தோற்றம் தருகிற வேறு நோய்களை விலக்கத்தான் அதை எடுக்கிறோம். அதில் தைராய்டுக்கான டி.எஸ்.எச் இருந்ததா, ஹீமோகுளோபின் இருந்ததா, வைட்டமின் பி12 இருந்ததா என்று ஒருமுறை பாருங்கள். ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் ஏதாவது எடுக்கிறாரா என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள். குடியும் கஞ்சாவும் உண்டா என்பதை நீங்கள் விசாரணை போலக் கேட்க வேண்டாம், தனியாக நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். நெருங்கியவர் யாராவது இறந்திருந்தாலோ ஓர் உறவு முறிந்திருந்தாலோ அதையும் சொல்லுங்கள். துக்கத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதாலேயே அது நோயாக மாறியிருக்காது என்றும் இல்லை.

இனி சொல்லப்போவதுதான் இந்தப் பதிலிலேயே எனக்கு முக்கியமானது. என் தொழிலின் ஆரம்ப வருடங்களில் நான் செய்த தவறு அது. 21 வயது மாணவர் ஒருவரை அவருடைய அம்மா அழைத்துவந்தார். மனச்சோர்வு தெளிவாகத் தெரிந்தது, மாத்திரை எழுதினேன். ஐந்து வாரம் கழித்து அவர் தனியாக வந்தார். புதுச் சட்டை, பளிச்சென்ற முகம், என்னைப் பேசவே விடவில்லை. இரவில் இரண்டு மணி நேரம்தான் தூங்குகிறார், களைப்பே இல்லை. தன் லேப்டாப்பை விற்று, கடனும் வாங்கி, ஏதோ தொழில் ஆரம்பித்திருந்தார். அது மனச்சோர்வு குணமான நிலை இல்லை, மிகையெழுச்சி. அவருக்கு இருந்தது, மனச்சோர்வும் மிகையெழுச்சியும் மாறி மாறி வரும் பைபோலார் எனப்படும் இருதுருவ நோய். பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தேன். முதல் நாளே அவர் அம்மா சொல்லியிருந்தார்: "போன வருஷம் ஒரு வாரம் ராத்திரி பகல் தூங்காம ஏதேதோ செஞ்சான் டாக்டர், அவ்வளவு சுறுசுறுப்பு." ஒரு தாயின் பெருமைப் பேச்சாக அதை எடுத்துக்கொண்டு, 'திறமையான மாணவர்' என்று எழுதியிருந்தேன்.

இருதுருவ நோய் பலருக்கு மனச்சோர்வாகத்தான் முதலில் வரும், அதுவும் இந்த வயதில்தான் வரும். அவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் மிகையெழுச்சிப் பக்கம் தூக்கிவிடக்கூடும். அதனால் டாக்டரிடம் போகும்போது இரண்டு விஷயங்களை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். எப்போதாவது சில நாட்கள் தூக்கமே இல்லாமல், களைப்பும் இல்லாமல், வழக்கத்துக்கு மீறிய பேச்சும் செலவும் துணிச்சலுமாக இருந்தாரா? ரத்த சொந்தத்தில் யாருக்காவது அப்படி இருந்ததா, யாராவது மனநோய்க்கு மருந்து எடுத்தார்களா, தற்கொலை செய்துகொண்டார்களா? வெட்கப்பட்டு மறைக்கிற விஷயங்கள் இவை. எங்களுக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறு இல்லை. அதோடு, யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்றோ ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்றோ தம்பி சொல்லியிருந்தால், காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

சாவைப் பற்றிக் கேட்கலாமா என்று எல்லாக் குடும்பங்களும் பயப்படுகின்றன. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம், இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சுற்றி வளைக்காமல், "சில நேரம் செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?" என்று நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் அழாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். "எப்படின்னு யோசிச்சிருக்கியா?" என்று மட்டும் அடுத்துக் கேளுங்கள். வழியோ நாளோ யோசித்துவைத்திருந்தால், அல்லது ஏற்கெனவே ஒருமுறை முயன்றிருந்தால், அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும் ஆபத்தான பொருட்களையும் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். உலக அளவில் 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக் காரணங்களில் தற்கொலை முன்வரிசையில் இருக்கிறது. அந்த உந்துதல் பலருக்குச் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான் உச்சத்தில் நிற்கிறது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றுகிறது.

சரி, சிகிச்சைக்கு வருவோம். லேசான மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் மாத்திரை இல்லாமலேயே ஆரம்பிக்கலாம். நடுத்தரத்துக்கும் கடுமையானதற்கும் மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்தால், தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பலன் அதிகம். பேச்சு சிகிச்சை என்றால் ஆறுதல் சொல்வது என்று நினைக்கிறார்கள். ஆனால் அதில் ஒரு வகையான, அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் (சி.பி.டி) வீட்டுப்பாடம்கூட உண்டு. அதன் ஒரு பகுதி மிக எளிமையானது: மனசு வரட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னதாக ஒன்றைச் செய்துவிட்டு மனசு என்ன ஆகிறது என்று பார்ப்பது. அந்தப் பிரஷ் மாணவிக்கு நாங்கள் வைத்த முதல் வாரப் பாடம், பிரஷ்ஷைக் கட்டில் பக்கத்திலிருந்து எடுத்துக் குளியலறையிலேயே வைப்பதும், எழுந்ததும் அங்கே போய் நிற்பதும் மட்டும்தான். தேய்த்தால் சரி, தேய்க்காவிட்டாலும் சரி. மூன்றாவது நாள் தேய்த்திருந்தார். இப்படிப்பட்ட சிகிச்சை பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள் வரை போகும். ஒரே அமர்வில் "கவுன்சலிங் கொடுத்து" அனுப்புவதை நான் சிகிச்சையாகக் கருதுவதில்லை.

மாத்திரை என்றால், இந்த வயதில் முதலில் கொடுப்பது பெரும்பாலும் ஃப்ளுவாக்செட்டின், செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவற்றில் ஒன்று. குமட்டல், தலைவலி, தூக்கம் மாறுவது போன்ற பக்க விளைவுகள் முதல் வாரத்திலேயே வரும், பலன் வர இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். நிறையப் பேர் பத்தாவது நாள் நிறுத்துவது இதனால்தான். கெட்டது முதலில் வருகிறது, நல்லது தாமதமாக வருகிறது. பாலுறவு நாட்டம் குறைவதும் இந்த மாத்திரைகளில் அடிக்கடி வருவதுதான். 22 வயதுக்காரர் அதை அக்காவிடம் சொல்லமாட்டார், டாக்டரிடமும் தானாகச் சொல்லமாட்டார், சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார். அதனால் நான் முதல் நாளே அதைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன், வந்தால் மாற்ற வழி இருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்கிறேன்.

இணையத்தில் தேடினால் ஒரு எச்சரிக்கை உங்கள் கண்ணில் படும், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் இந்த மாத்திரைகளால் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று மருந்து அட்டையிலேயே கட்டம் போட்டு எச்சரிக்கை வைக்கச் சொன்னது. 2007இல் அதை 24 வயது வரை நீட்டித்தது. சிறுவர்களிடம் நடந்த சோதனைகளில் மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 4 சதவீதத்தினருக்கு அந்த எண்ணமோ நடத்தையோ வந்தது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம். அந்தச் சோதனைகளில் யாரும் இறக்கவில்லை. 24 வயதைத் தாண்டியவர்களிடம் இந்தக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. தம்பி இந்த வரம்புக்குள் வருகிறார். அதற்காக மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், சிகிச்சை இல்லாத மனச்சோர்வின் ஆபத்து சின்னதில்லை. முதல் ஒன்றிரண்டு மாதங்களிலும், அளவை மாற்றும் போதும், யாராவது கூடவே இருந்து கவனிக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். திடீர் படபடப்பு, நிலைகொள்ளாமை, தூக்கமே இல்லாமல் போவது, என்றைக்குமில்லாத ஆத்திரம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காமல் அன்றே போன் செய்யுங்கள். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகவே வாங்கி, நீங்கள் வைத்துக்கொண்டு கொடுங்கள்.

ஆயுசுக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் முறை வந்த மனச்சோர்வுக்கு ஆயுசு முழுக்க மாத்திரை தேவைப்படுவதில்லை. முழுதாகச் சரியான பிறகு இன்னும் ஆறிலிருந்து ஒன்பது மாதமாவது அதே அளவில் தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைக்கிறோம். பலமுறை திரும்பி வந்தவர்களுக்குத்தான் நீண்ட காலம் தேவைப்படும். இந்த மாத்திரைகள் போதைக்கு அடிமையாக்குவது போல அடிமையாக்காது, ஏக்கம் வராது, அளவைக் கூட்டிக்கொண்டே போகவும் தோன்றாது. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரும். சிலருக்கு இது வாரக்கணக்கில் நீடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதை ஒன்றுமில்லை என்று தள்ளுவது நேர்மையில்லை. அதனால் நிறுத்துவதையும் டாக்டரோடு சேர்ந்தே செய்யுங்கள்.

இனி சந்தேகமான பகுதி. மூளையில் செரோடோனின் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது என்று முன்பெல்லாம் நாங்களே நோயாளிகளிடம் சொல்லிவந்தோம். அவ்வளவு எளிமையாக அது நிரூபிக்கப்படவில்லை. 2022இல் வந்த ஒரு விரிவான ஆய்வுத் தொகுப்பு, செரோடோனின் குறைவுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. மாத்திரை வேலை செய்கிறதா என்பதும் அது எப்படி வேலை செய்கிறது என்பதும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் ஓரளவு தெளிவு: சராசரியாகப் பார்த்தால் வெற்று மாத்திரையைவிடப் பலன் உண்டு, வித்தியாசம் மிதமானது, சிலருக்கு மிக நன்றாகக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதே இல்லை. ஸ்டார்-டி என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் முதல் மருந்திலேயே முழுக்கச் சரியானவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். யாருக்கு எந்த மருந்து சேரும் என்று முன்கூட்டிச் சொல்ல நம்பகமான பரிசோதனை கிடையாது. முதல் மாத்திரை கேட்காவிட்டால் அது டாக்டரின் தோல்வியும் இல்லை, தம்பியின் தோல்வியும் இல்லை, அடுத்ததைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான். உடற்பயிற்சி உதவுகிறது. எவ்வளவு உதவுகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, ஆனாலும் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். அது எழுந்து நிற்கவே முடியாதவரிடம் "ஓடப் போ" என்று சொல்வதாக மட்டும் ஆகிவிடக் கூடாது.

குணமாவதையும் அதே அளவுகோலால் பாருங்கள், அவரை அவரோடு ஒப்பிட்டு. என் அனுபவத்தில் அது அவருக்குத் தெரிவதற்கு முன்னாலேயே கூட இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். "ஒரு மாற்றமும் இல்ல டாக்டர்" என்று அவர் சொல்வார். "நேத்து தட்டைத் தானே கழுவி வெச்சான்" என்று அக்கா சொல்வார். இரண்டையும் எழுதிக்கொள்வேன். உடம்பில் தெம்பு வந்து, மனசு இன்னும் தேறாத அந்த இடைப்பட்ட நாட்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

வரமாட்டேன் என்பவரை எப்படிக் கூட்டிப்போவது? 22 வயது ஆன ஒருவரை, உயிருக்கு ஆபத்து இல்லாத பட்சத்தில், இழுத்துப்போக முடியாது, ஏமாற்றியும் கூட்டிப்போகக் கூடாது. "சும்மா ஜெனரல் செக்கப்" என்று அழைத்துவரப்பட்ட பலர் என் எதிரில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். டிப்ரஷன், மனநோய் போன்ற பெயர்களை நீங்கள் சொல்ல வேண்டாம். அவருக்கே தொந்தரவாக இருக்கிற ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள், அது பெரும்பாலும் தூக்கமோ கவனமோதான். வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும்போது வேண்டாம். நீங்கள் இருவர் மட்டும், முகத்துக்கு முகம் பார்க்காமல், நடந்துகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ பேசுவது எளிது. "முன்னாடி மாதிரி நீ இல்லைடா. உன் மேல தப்புன்னு சொல்லல. உனக்கே கஷ்டமா இருக்குன்னு தெரியுது. ஒரே ஒரு தடவை போய்ப் பார்ப்போம், மாத்திரை வேணுமா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணு, உள்ள நீ தனியாப் பேசலாம், நான் வெளிய உட்கார்ந்திருக்கேன்" என்பது போல உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். தனியாகப் பேசலாம் என்பதை உண்மையாகவே கடைப்பிடியுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, அவர் சொன்னதை நாங்கள் உங்களிடம் சொல்லமாட்டோம். அது தெரிந்த பிறகுதான் பலர் பேசவே ஆரம்பிக்கிறார்கள். மனநல மருத்துவர் என்றாலே மறுத்தால், குடும்ப மருத்துவரிடமிருந்து ஆரம்பிக்கலாம், அதில் தவறே இல்லை. முதல் முறை மறுத்தால் சண்டை போடாமல், "சரி, அடுத்த வாரம் மறுபடி கேட்பேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் மறக்காமல் கேளுங்கள்.